பிளஸ் மைனஸ் எட்டு

எங்கள் தொழிலில் ஒரு வருட வேலை கடைசியில் ஒரே ஒரு எண்ணாகச் சுருங்கிவிடும். 75,184 டன் கார்பன் டை ஆக்ஸைடு சமானம் என்பது போல. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஏதோ ஒரு எரிவாயு நிலையம் ஜனவரி முதல் டிசம்பர் வரை வானத்துக்குள் விட்டதெல்லாம் அதற்குள் அடக்கம். அந்த எண் அரசாங்கத்துக்குப் போகிறது, கம்பெனியின் ஆண்டறிக்கையில் அச்சாகிறது, அதை வைத்துக் கட்டணமும் கணக்கிடுகிறார்கள். அந்தக் கடைசி 184-ஐப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஐயாயிரம் டன் கூடவா குறைவா என்பதே நிச்சயமில்லாத இடத்தில் 184 எங்கிருந்து வந்தது? எக்ஸெல் கொடுத்தது, நாங்கள் வாங்கிக்கொண்டோம். அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பு.

கனடாவில் ஆண்டுக்கு 10,000 டன்னை எட்டுகிற எந்த நிலையமும் மத்திய அரசுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். முன்பு இந்த வரம்பு 50,000 டன். 2017-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து குறைத்தார்கள். பெரிய ஆலைகளோடு நடுத்தர நிலையங்களும் வலைக்குள் வந்தன. எங்களுக்கு வேலையும் கூடியது.

எண்ணெய், எரிவாயு நிலையம் எதுவானாலும் வெளியேறுவது நான்கு வழிகளில்தான். இன்ஜினிலும் ஹீட்டரிலும் எரிபொருளாக எரிவது. ஃப்ளேர் எனப்படும் உயரக் குழாயின் உச்சியில் எரித்துத் தொலைப்பது. எரிக்காமல் தெரிந்தே வெளியே விடுவது, அதாவது வென்ட். யாரும் விடாமலே வெளியே போவது, அதாவது கசிவு. டன் கணக்கில் பெரியவர் முதலாமவர். சந்தேகக் கணக்கில் கடைசி இருவரும் பெரியவர்கள். இந்த இரண்டு கணக்கும் ஒன்றல்ல என்பதைப் புரியவைப்பதில்தான் என் கூட்டங்களில் பாதி நேரம் போகிறது.

கையில் பேனா இருந்தால் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன நிலையத்தின் எண்களை முழு எண்களாக்கிக்கொள்வோம். எரிபொருள் 60,000 டன், மீட்டர் நல்ல மீட்டர், பிழைவரம்பு 2 சதவீதம். அதாவது 1,200 டன். ஃப்ளேர் 8,000 டன், பிழைவரம்பு 15 சதவீதம். அதுவும் 1,200 டன்தான். வென்ட்டும் கசிவும் சேர்த்து 7,000 டன், பிழைவரம்பு 80 சதவீதம். அது 5,600 டன். இவற்றை அப்படியே கூட்டக் கூடாது. எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாயும் என்பது நிச்சயமில்லையே. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வருவது ஏறத்தாழ 5,850 டன். 75,000-இல் அது 7.8 சதவீதம்.

இப்போது அந்த நிலையத்தின் மேலாளர் கேட்பார்: "எரிபொருள் மீட்டரை மாற்றிவிடலாமா? அதுதானே பெரிய எண்?" மாற்றுவோம். பணம் செலவழித்து 2 சதவீதத்தை 1 சதவீதமாக்குவோம். மறுபடி வர்க்கப்படுத்திப் பார்த்தால் 7.8 என்பது 7.7 ஆகியிருக்கும். அவ்வளவுதான். அதே பணத்தில் ஒரு ஆளையும் கசிவைக் காட்டும் ஒரு கேமராவையும் கம்ப்ரஸர் பக்கம் அனுப்பி அந்த 80 சதவீதத்தை 40 ஆக்கியிருந்தால் மொத்தம் 4.4 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். மீட்டர் விற்பவர்கள் என்னை விருந்துக்குக் கூப்பிடாததற்கு இதுவே காரணம்.

மீட்டரை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் ஓரளவு நிம்மதியாகத் தூங்க விடுவது அதுதான். ஆனால் அதற்கும் குணம் உண்டு. இங்கே இன்னும் பல இடங்களில் இருப்பது ஆரிஃபிஸ் மீட்டர்: குழாய்க்கு நடுவில் துளையிட்ட தட்டு, அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம், அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்திலிருந்து ஓட்டம். வடிவமைத்த ஓட்டத்தில் அருமையாக ஓடும். ஓட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அழுத்த வித்தியாசம் நூறில் ஒன்றாகிவிடும். முழு அளவில் கால் சதவீதம்தான் பிழை என்று விற்ற டிரான்ஸ்மிட்டர் அந்த இடத்தில் 25 சதவீதம் பிழை காட்டும்; ஓட்டத்தில் அது பன்னிரண்டரை சதவீதம். எரிவாயு வயல் முதிர்ந்து உற்பத்தி வற்றிய பிறகும் அன்று போட்ட அதே தட்டு குழாயில் உட்கார்ந்திருக்கும். சான்றிதழில் இன்னமும் கால் சதவீதம்தான் எழுதியிருக்கும். தட்டைப் பின்புறம் முன்னாக மாட்டிவிட்டால் மீட்டர் குறைத்துக் காட்டும் என்பது எந்தப் பிழைக் கணக்கிலும் வராது. அதைக் கண்டுபிடிக்கத் தட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

மீட்டரே இல்லாத இடங்களுக்கு வருவோம். காடுகளுக்கு நடுவே, மின்கம்பி எட்டாத கிணற்றடிகளில், வால்வைத் திறந்து மூடும் கன்ட்ரோலர்களை இயக்குவது அந்தக் கிணற்றின் வாயுவேதான். ஒவ்வொரு அசைவுக்கும் கொஞ்சம் வாயு 'புஸ்' என்று வெளியே போகும். பனிக்காலத்தில் குழாய் உறையாமலிருக்க மெத்தனால் செலுத்தும் சின்னப் பம்புகளும் அப்படியே. மணிக்கு 0.17 கன மீட்டருக்கு மேல் விட்டால் அது 'ஹை ப்ளீட்'. தனியாகப் பார்த்தால் அற்பம். ஆனால் மாகாணம் முழுக்க எத்தனை கிணறுகள், கிணற்றுக்கு எத்தனை கன்ட்ரோலர்கள்! இவற்றுக்கு மீட்டர் வைக்க மாட்டார்கள். எண்ணிக்கையை ஒரு காரணியால் பெருக்குவார்கள். அந்தக் காரணிகளில் பலவற்றின் பூர்வீகம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் எரிவாயு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு. அதன் அடிப்படை ஆண்டு 1992. அன்று யாரோ ஒரு கன்ட்ரோலரில் அளந்ததை இன்று வேறொரு கன்ட்ரோலரின் தலையில் எழுதுகிறோம்.

அனுபவசாலிகளும் சறுக்குகிற இடம் இதுதான். நூறு கன்ட்ரோலர்கள், ஒவ்வொன்றுக்கும் 60 சதவீதப் பிழைவரம்பு என்றால் மொத்தத்துக்கு எவ்வளவு? பாடப்புத்தகம் 60-ஐ நூறின் வர்க்கமூலமான பத்தால் வகுக்கச் சொல்லும். 6 சதவீதம்! கம்பெனிக்கும் சந்தோஷம், ஆடிட்டருக்கும் சந்தோஷம். ஒவ்வொரு கன்ட்ரோலரையும் தனித்தனியாக அளந்திருந்தால் அந்தக் கணக்கு சரி. ஒரே காரணியை நூறு தடவை பெருக்கியிருந்தால் அந்தக் காரணியிலுள்ள பிழை நூறிலும் ஒரே பக்கம்தான் சாயும், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாது. தராசே கோளாறாக இருந்தால் ஒரு மூட்டையை நிறுத்தாலென்ன, நூறு மூட்டையை நிறுத்தாலென்ன? அது 60 சதவீதமாகவேதான் இருக்கும். இந்த ஒரு வரியை விளக்கப் போய் நான் கெட்ட பெயர் வாங்கிய அறிக்கைகள் உண்டு. 6 என்று எதிர்பார்த்தவரிடம் 60 என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

இன்னொரு சங்கடம். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன், திருச்சிப் பக்கம், கெட்டிக்காரன். கசிவுக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கினான்.

"அண்ணா, கீழ் எல்லை மைனஸ்ல போகுது. பத்து டன், பிழைவரம்பு நூத்தம்பது சதவீதம். மைனஸ் அஞ்சு டன்னு வருது. குழாய் காத்தை உள்ள இழுக்குதா?"

சரியான கேள்வி. கசிவு பூஜ்யத்துக்குக் கீழே போகாது. மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகும். அதன் வரைபடம் நடுவில் வீங்கி இருபுறமும் சமமாகச் சரிகிற மணி வடிவம் அல்ல. இடது பக்கம் முட்டி நிற்கும், வலது பக்கம் வால் நீளும். அதனால் இந்த இடங்களில் பிளஸ் மைனஸ் என்று எழுதுவதைவிட, 'மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்று மடங்கு வரை' என்பது போல எழுதுவதே நேர்மை. அந்த வால் எவ்வளவு நீளம் என்பதற்கும் சான்று உண்டு. ஆடம் பிராண்ட்டும் சகாக்களும் 2016-இல் பதினெட்டு முந்தைய ஆய்வுகளிலிருந்து ஏறத்தாழ 15,000 அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மிகப் பெரிய 5 சதவீதக் கசிவுகளே மொத்தக் கசிவில் பாதிக்கு மேல். நூறு இடத்தில் அளக்கப் போய் அந்த ஐந்தைத் தவறவிட்டால் பாதியைத் தவறவிட்டதாக அர்த்தம். அளந்த தொண்ணூற்றைந்தும் துல்லியமாக இருக்கும், அது வேறு விஷயம்.

அளக்கும் கருவியும் சில சமயம் அந்த ஐந்திடம்தான் ஏமாறும். கசிவைச் சுற்றியுள்ள காற்றோடு சேர்த்து உறிஞ்சி அளக்கிற ஹை ஃப்ளோ சாம்ப்ளர் என்று ஒரு கருவி பல ஆண்டுகள் இந்தத் தொழிலின் நம்பிக்கைக்குரிய நண்பனாக இருந்தது. மீத்தேன் குறைவாக இருந்தால் ஒரு சென்சார், அதிகமானால் இன்னொரு சென்சார். 2015-இல் டூஷே ஹோவர்ட் என்பவர் வெளியிட்ட கட்டுரை, சில நிலைமைகளில் கருவி முதல் சென்சாரிலிருந்து இரண்டாவதுக்கு மாறாமலே நின்றுவிடுகிறது என்று காட்டியது. விளைவு, பெரிய கசிவு சின்னக் கசிவாகப் பதிவாகும். கருவிப் பிழை என்றால் இரு பக்கமும் ஆடும் என்றுதான் படித்திருக்கிறோம். இது ஒரு பக்கம் மட்டும் ஆடியது, அதுவும் ஆடக் கூடாத இடத்தில்.

மான்ட்டி கார்லோ பற்றிச் சொல்லாவிட்டால் இளைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் 2006 வழிகாட்டியில் இரண்டு முறைகள் உண்டு. நான் மேலே போட்ட வர்க்கமூலக் கணக்கு முதல் முறை; கணினியைப் பத்தாயிரம் தடவை தாயம் உருட்டச் சொல்வது இரண்டாவது. வால் நீண்ட கசிவுகளுக்கு இரண்டாவதுதான் பொருத்தம். படமும் அழகாக வரும், நிர்வாகிகள் ரசிப்பார்கள். ஆனால் தாயக்கட்டையில் என்ன எண்கள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது பெரும்பாலும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்த மூன்று பேர். 'நிபுணர் மதிப்பீடு' என்று அதற்குப் பெயர். அந்த மூவரில் ஒருவனாகப் பல தடவை உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், படத்தின் அழகை வைத்து அதன் உண்மையை எடை போடாதீர்கள்.

ஃப்ளேர் விஷயம் இதைவிட மோசம். நெருப்பு எரிகிறது, வாயு அழிகிறது என்றுதான் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். கணக்கில் 98 சதவீதம் அழிகிறது என்று வைத்துக்கொள்வது வழக்கம். 1980-களில் அமெரிக்காவில், ஒழுங்காக இயங்கும் ஃப்ளேர்களில் செய்த சோதனைகளிலிருந்து நிலைத்துவிட்ட எண் அது. 2022-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெனிவீவ் பிளான்ட்டும் குழுவினரும் அமெரிக்காவின் பெர்மியன், ஈகிள் ஃபோர்டு, பாக்கன் எண்ணெய் வயல்களின் மேல் விமானத்தில் பறந்து அளந்து 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். அணைந்து கிடக்கும் ஃப்ளேர்களையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையில் அழிவது 91.1 சதவீதம்.

ஏழு சதவீத வித்தியாசம்தானே? இதையும் போட்டுப் பார்த்துவிடுவோம். நூறு டன் மீத்தேன் ஃப்ளேருக்குப் போகிறது. எரிந்த ஒவ்வொரு டன்னும் 2.75 டன் கார்பன் டை ஆக்ஸைடாகும். எரியாத ஒவ்வொரு டன்னுக்கும், மீத்தேனின் வெப்பமூட்டும் திறனுக்காக, 28 மடங்கு எழுத வேண்டும். 98 சதவீதம் என்றால் எரிந்தது 270, எரியாதது 56, மொத்தம் 326 டன். 91.1 என்றால் எரிந்தது 250, எரியாதது 249, மொத்தம் 500-க்கு அருகில். பாதிக்கு மேல் கூடிவிட்டது. ஃப்ளேர் மீட்டரின் பிழை ஐந்தா மூன்றா என்று நாங்கள் மணிக்கணக்கில் வாதாடிக்கொண்டிருக்கும்போது, மேலே சுடர் அணைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தவர் யாருமில்லை. இரவு ஷிஃப்ட் ஆபரேட்டருக்கு அது தெரிந்திருக்கும். அவரைக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

லாய்ட்மின்ஸ்டர் என்று ஒரு ஊர். ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவன் மாகாணங்களின் எல்லை ஊருக்கு நடுவிலேயே ஓடுகிறது. அங்கே எடுப்பது கனத்த எண்ணெய், மணலோடு சேர்த்து. கிணற்றடியிலேயே சூடாக்கப்பட்ட தொட்டி. மணலும் தண்ணீரும் கீழே படிய, எண்ணெயை லாரி வந்து அள்ளிப்போகும். கிணற்றின் வெளிக்குழாய் வழியே வரும் வாயுவில் கொஞ்சம் தொட்டியைச் சூடாக்கப் பயன்படும், மிச்சம் வெளியே போகும். எவ்வளவு வெளியே போகிறது? ஒரு நாள் வைத்து வாயு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று பார்த்து விகிதம் எடுப்பார்கள். அடுத்த சோதனை வரை எண்ணெய் உற்பத்தியை அந்த விகிதத்தால் பெருக்குவார்கள். கிணறு அப்படி நடந்துகொள்வதில்லை. நுரைத்த எண்ணெய் ஒரு மணி நேரம் வாயுவைக் கக்கும், அடுத்த ஒரு மணி நேரம் மூச்சுவிடாது. நான் நின்று பார்த்த ஒரு குழாயில் மீட்டர் முள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் இருந்த இடத்துக்கும் பின் இருந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஒரு நாள் எந்த நாள் என்பதில்தான் அந்த வருடக் கணக்கே தொங்குகிறது.

ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ ஜான்சனும் சகாக்களும் 2016-இல் லாய்ட்மின்ஸ்டர், ரெட் டியர் வட்டாரங்களின் மேல் விமானத்தில் அளந்தார்கள். அடுத்த ஆண்டு வெளியான கட்டுரையின்படி, ரெட் டியர் வட்டாரத்தில் காற்றில் இருந்த மீத்தேன், நிலையங்கள் நேரடியாகப் பதிவு செய்த வென்ட், ஃப்ளேர் கணக்கிலிருந்து கிடைப்பதைப்போல 17 மடங்கு. பத்திரிகைகள் இதை மோசடி போலப் படிக்க இடமுண்டு. உள்ளே இருந்தவனாக நான் சொல்வது வேறு. பெரும்பகுதி பொய்க் கணக்கு அல்ல. பதிவு செய்ய வேண்டிய பட்டியலிலேயே இல்லாத சின்னச் சின்ன மூலங்கள். கன்ட்ரோலரும் பம்பும் தொட்டி மூடியும்தான். 2020 ஜனவரியில் ஆல்பர்ட்டாவின் புதிய வென்ட் விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு பட்டியல் நீண்டது. எனக்கு அந்த 17-இல் உறைத்தது ஒன்றுதான். பட்டியலில் இல்லாத ஒன்றுக்குப் பிழைவரம்பு போட எந்தச் சூத்திரத்திலும் இடமில்லை. அறிக்கையில் பூஜ்யம் டன், பிளஸ் மைனஸ் பூஜ்யம்.

விமானக் கணக்கு வேதவாக்கு என்றும் நான் சொல்லவில்லை. காற்றின் வேகத்தில் பிழை வந்தால் டன்னிலும் வரும். பறப்பது பகலில், நல்ல வானிலையில். அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்து ஃபயட்வில் வயலில் விமானக் கணக்கும் தரைக் கணக்கும் ஒத்துப்போகாமல் இருந்ததற்கு 2018-இல் ஒரு காரணம் கிடைத்தது. கிணற்றில் தேங்கிய தண்ணீரை ஊழியர்கள் கையால் வால்வைத் திறந்து வெளியேற்றுவது வேலை நேரத்தில், விமானம் பறப்பதும் அதே நேரத்தில். பகல் அளவை இருபத்து நான்கால் பெருக்கினால் ராத்திரி தூங்கும் ஊழியரும் வால்வைத் திறந்துகொண்டே இருப்பதாக ஆகிவிடும். விமானம் சொன்னதும் பொய்யில்லை, தரை சொன்னதும் பொய்யில்லை. நேரத்தை யாரும் கேட்கவில்லை.

இப்போது கம்பெனிகள் ஆண்டறிக்கையில் 'மீத்தேன் வெளியேற்றம் 12 சதவீதம் குறைந்தது' என்று எழுதுகின்றன. என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, பிழைவரம்பே 80 சதவீதம் என்றால் 12 சதவீதக் குறைவுக்கு என்ன மரியாதை என்பது. கொஞ்சம் மரியாதை உண்டு. இரண்டு வருடமும் ஒரே காரணியை, ஒரே முறையைப் பயன்படுத்தியிருந்தால் காரணியின் பிழை இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் இருக்கும். கழித்துப் பார்க்கும்போது பெருமளவு அடிபட்டுப்போகும். மொத்தம் எவ்வளவு என்று தெரியாமலே எவ்வளவு சதவீதம் குறைந்தது என்று சுமாராகத் தெரிந்துகொள்ளலாம். நடுவில் காரணியை மாற்றினால்தான் விளையாட்டு தொடங்குகிறது. பழைய காரணிக்குப் பதில் பாதி மதிப்புள்ள புதியதைப் போட்டால் ஒரு ஸ்பேனரும் தொடாமல் கசிவு பாதியாகிவிடும். எதிர்த்திசையிலும் நடக்கும். மீத்தேனின் வெப்பமூட்டும் திறன் மதிப்பைப் பன்னாட்டுக் குழுவின் நான்காம் அறிக்கை 25 என்றது, ஐந்தாவது 28 என்றது. எண்ணை மாற்றிய வருடம் எல்லோருடைய கணக்கும் ஏறியது. வெளியே கூடுதலாக ஒரு குமிழி போகவில்லை. அடிப்படை ஆண்டையும் புதிய எண்ணால் திரும்பக் கணக்கிட்டார்களா என்பதை அறிக்கையின் அடிக்குறிப்பில் தேடிப் பார்க்க வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கீழிருந்து கூட்டிய கணக்கையும் மேலிருந்து அளந்த கணக்கையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்துக்குக் காரணம் சொல் என்று கேட்பதுதான் இப்போதைய போக்கு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கீழ் 2020-இல் வந்த புதிய மீத்தேன் கூட்டுத்திட்டம் ஐந்து படிகள் வைத்தது; மேல் படியில் இந்த ஒப்பீடு கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த மீத்தேன் விதி நிலைய அளவில் அளப்பதைச் சட்டமாக்கியது. நல்லதுதான். இருபது வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

நான் எழுதும் அறிக்கைகளில் முதல் பக்கத்தில், மொத்த எண்ணுக்கு நேர் கீழே, சேர்க்கப்படாதவை எவை என்று ஒரு பத்தி வைக்கிறேன். வாடிக்கையாளர்கள் அதைக் கடைசிப் பின்னிணைப்புக்குத் தள்ளச் சொல்வார்கள். தள்ளுவதில்லை. சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். இந்த வேலைக்கு வர நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு: புள்ளியியல் நன்றாகப் படியுங்கள், மான்ட்டி கார்லோவும் பழகுங்கள். ஆனால் நிலையத்துக்குள் நுழைந்த அன்று மீட்டர் சான்றிதழைக் கேட்பதற்கு முன்னால் ஆபரேட்டரைத் தேடிப்பிடித்து, எந்தத் தொட்டி மூடி சரியாகச் சாத்துவதில்லை, எந்த ஃப்ளேர் காற்றடித்தால் அணைகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.